உருமாறும் கதைகள், ஓவியங்கள்: புதுசா உள்ள வர்றவங்களுக்கு ஒரு வழி

ஒரு பொண்ணு ஓடிட்டு இருக்கும்போதே மரமாயிடறா, ஒரு வேட்டைக்காரன் மானாயிடறான், துணி சேம்பிள் தூக்கிட்டு ஊர் ஊரா அலையற சேல்ஸ்மேன் ஒருத்தன் காலைல பூச்சியா கண் முழிக்கறான். ரெண்டாயிரம் வருஷமா எழுத்தாளர்களும் ஓவியர்களும் இந்த ஒரே விஷயத்தை விடாம திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டே இருக்காங்க. இதுக்குள்ள போகணும்னு ஆசை இருக்கு, ஆனா எந்தப் புக்ல ஆரம்பிக்கிறது, எந்தப் படத்தைப் பாக்கிறது, என்னத்தைக் கவனிக்கிறதுனு தெரியலன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அவங்களுக்காகத் தான் இது. நான் இந்தக் கதைகளை ரொம்ப நாளா வாசிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கு இதுல ஒரு விஷயம் தான் முக்கியமாப் படுது: உடம்பு என்னவா மாறிச்சுனு பாக்கிறதை விட, மாறினதுக்கு அப்புறமும் உள்ள என்ன மாறாம மாட்டிக்கிச்சுனு பாருங்க. கதையோட வலி எல்லாம் அங்க தான் இருக்கு. கீழ சொல்ற ஒவ்வொரு படியும் அதைப் பாக்கப் பழகிக்கிறதுக்குத் தான்.

படி 1: ஓவிட்ல ஆரம்பிங்க, ஆனா முதல் பக்கத்துல வேணாம்

இந்த விஷயத்துக்கு ஊற்றுக்கண் ஓவிட். கி.மு. 43-ல இத்தாலில சுல்மோங்கற ஊர்ல பிறந்த ரோமானியக் கவிஞர். அவரோட 'மெட்டமார்ஃபசிஸ்' லத்தீன்ல எழுதின காவியம், மொத்தம் 15 புத்தகம், கிட்டத்தட்ட 12,000 வரி, சின்னதும் பெருசுமா சுமார் 250 கதை. உலகம் உருவான நேரத்துல தொடங்கி ஜூலியஸ் சீசர் செத்து நட்சத்திரமாகறது வரைக்கும் போகுது. அதை எழுதி முடிக்கிற நேரத்துல, கி.பி. 8-ல, பேரரசர் அகஸ்டஸ் அவரை ரோமை விட்டே துரத்திட்டார், கருங்கடல் ஓரத்துல இருந்த தோமிஸுக்கு, அதாவது இன்னைக்கு ருமேனியாவுல இருக்கற கான்ஸ்டான்ட்ஸாவுக்கு. ஒரு கவிதையும் ஒரு தப்பும் தான் காரணம்னு அவரே எழுதியிருக்கார், அந்தத் தப்பு என்னனு கடைசி வரைக்கும் அவர் சொல்லல. திரும்பி ரோமுக்கு வராமலே செத்துப் போனார்.

முதல் பக்கத்துல இருந்து வரிசையா வாசிச்சா ஆளுங்க பேரு, தேவர்கள் பேருன்னு மூச்சு முட்டிடும். அதனால தனித்தனிக் கதையா எடுங்க. நான் சொல்ற வரிசை இது: முதல் புத்தகத்துல டாஃப்னி (அப்பல்லோங்கற தெய்வம் துரத்தும்போது அப்பா கிட்ட கெஞ்சி மரமாகற பொண்ணு), அப்புறம் அதே புத்தகத்துல ஐயோ, மூணாவது புத்தகத்துல ஆக்டியான், ஆறாவதுல அராக்னி, எட்டாவதுல பாசிஸ் - ஃபிலமோன்ங்கற வயசான தம்பதி. ஒவ்வொண்ணும் சில பக்கம் தான், ஒரு ராத்திரிக்கு ஒண்ணு போதும். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நிறைய இருக்கு, சிலது இணையத்துல இலவசமாவே கிடைக்குது. உரைநடை மொழிபெயர்ப்பா எடுத்துக்கோங்க, முதல் தடவைக்கு அது தான் லேசு. 1567-ல ஆர்தர் கோல்டிங் பண்ணின பழைய மொழிபெயர்ப்பு ஷேக்ஸ்பியர் வாசிச்சது, ஆனா அதுல தொடங்காதீங்க, அந்த இங்கிலீஷே தனியா ஒரு மலை.

படி 2: ஒவ்வொரு கதைக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்க

ஒரு நோட்டு வச்சுக்கோங்க. யாரு மாத்தினாங்க, எதுக்கு? தண்டனையா, காப்பாத்தறதுக்கா, வரமா, இல்ல மாத்தினவங்க தப்பை மறைக்கவா? மாறின உடம்புக்குள்ள பழைய மனசு இருக்கா? பேச முடியுதா? திரும்பி வர வழி இருக்கா?

ஐயோ கதையை வச்சே போட்டுப் பாருங்க. ஐயோங்கறது ஒரு பொண்ணு பேரு, இனாக்கஸ்ங்கற ஆத்துத் தெய்வத்தோட மகள். தேவர்களோட ராஜா ஜூபிடர் அவளைக் கெடுத்துட்டு, பொண்டாட்டி ஜூனோ வர்றதைப் பாத்ததும் அவளை வெள்ளைப் பசுவா மாத்திடறார். மாத்தினது முழுக்க அவர் மாட்டிக்காம இருக்கறதுக்காக. அவ புல்லைத் தின்னுக்கிட்டு, கலங்கின தண்ணியக் குடிச்சுக்கிட்டு, கையை நீட்டிக் கெஞ்சலாம்னா கை இல்ல, வாயைத் திறந்தா 'அம்மா'ங்கற மாட்டுச் சத்தம் வருது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளே பயந்து போறா. அப்பாவோட ஆத்தங்கரைக்கே வந்து நிக்கறா, அவர் புல்லைப் பறிச்சு நீட்டறார், அவ அவர் கையை நக்கறா. அவருக்குத் தெரியல. கடைசில குளம்பால மண்ணுல தன் பேரை எழுதறா. பேச்சு போனதுக்கு அப்புறம் எழுத்து மட்டும் மிச்சம் இருக்குங்கறதை ஒரு கவிஞன் இவ்வளவு தெளிவா காட்டின இடம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. பின்னாடி நைல் கரைல அவளுக்குப் பழைய உருவம் திரும்பக் கிடைக்குது, அப்பவும் பேசப் பயப்படறா, எங்க மறுபடி மாட்டுச் சத்தம் வந்துடுமோனு. இந்த ஒரு வரிக்காகவே ஓவிட்டை வாசிக்கலாம்.

வேட்டைக்காரன் ஆக்டியானோட கதை இன்னும் கொடூரம். காட்டுல வழி தவறி வந்து வேட்டைத் தெய்வம் டயானா குளிக்கிறதைப் பாத்துடறான். அவ அவன் முகத்துல தண்ணியை வீசி, இப்பப் போய் என்னைப் பாத்தேன்னு சொல்லிக்கோ, சொல்ல முடிஞ்சா, அப்படிங்கறா. கொம்பு முளைக்குது, மானாயிடறான். மனசு மட்டும் அப்படியே இருக்குனு ஓவிட் தெளிவாச் சொல்றார். அப்புறம் அவன் வளத்த நாய்ங்களே அவனைத் துரத்துது, முப்பதுக்கு மேல நாய்ங்க பேரை வரிசையா அடுக்கறார் கவிஞர். முதல்ல வாசிக்கும்போது இது எதுக்குன்னு தோணும், நிதானமா யோசிச்சா தான் புரியும், அந்தப் பேரை எல்லாம் வச்சது அவன் தான், கூப்பிட்டா வர்ற நாய்ங்க தான், இப்ப கூப்பிடத் தான் அவனுக்கு வாய் இல்ல. கூட வந்த நண்பர்கள் வேற நாய்ங்களை உசுப்பிக்கிட்டே, ஆக்டியான் எங்க, இதைப் பாக்க இல்லாமப் போயிட்டானேன்னு அவன் பேரைச் சொல்லிக் கத்தறாங்க.

பாசிஸ் - ஃபிலமோன் கதையைக் கடைசில வைக்கச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஏழைக் கிழவனும் கிழவியும், மாறுவேஷத்துல வந்த தேவர்களுக்கு ஊரே கதவைச் சாத்தினப்போ இவங்க சோறு போடறாங்க. என்ன வரம் வேணும்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாகணும்ங்கறாங்க. ஒருத்தர் ஓக் மரமாவும் இன்னொருத்தர் லிண்டன் மரமாவும் ஆகும்போது, பட்டை வாயை மூடற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் போய்ட்டு வரேன்னு சொல்லிக்கிறாங்க. மரமாகறது டாஃப்னிக்கு வேற, இவங்களுக்கு வேற. உருமாற்றம்னாலே தண்டனைனு மனசுல பதிஞ்சிருந்தா இந்தக் கதை அதை மாத்திடும்.

ஒரு விஷயத்தை இங்கயே சொல்லிடறேன். இந்தக் கதைகள்ல நிறைய பொண்ணுங்களை வலுக்கட்டாயமா அடையறதைப் பத்தினது. பழைய புக்குங்க சில இதை காதல், மோகம்னு மென்மையா எழுதி மூடிடும். அப்படி வாசிக்காதீங்க. அராக்னியோட கதையிலயே இதுக்குச் சாட்சி இருக்கு: நெசவுல கெட்டிக்காரியான அராக்னிக்கும் நெசவுத் தெய்வம் மினர்வாவுக்கும் நடக்கற போட்டில மினர்வா தேவர்களோட பெருமையை நெய்யறா, அராக்னி அதே தேவர்கள் பொண்ணுங்களை ஏமாத்தின கதைகளை வரிசையா நெய்யறா. துணில ஒரு குறை கூட மினர்வாவால கண்டுபிடிக்க முடியல. அந்தக் கோவத்துல துணியைக் கிழிச்சு, தறி நாடாவால அவ நெத்தில அடிக்கறா, அராக்னி அவமானம் தாங்காம தூக்கு மாட்டிக்கிறா, அப்ப தான் அவளைச் சிலந்தியா மாத்தறது. ராஜா கோவத்துக்கு ஆளாகி நாடு கடத்தப்பட்ட கவிஞனோட காவியத்துல இந்தக் கதை இருக்குங்கறதை மறக்காம வாசிங்க.

படி 3: வாசிச்ச கதையைக் கல்லுல பாருங்க

டாஃப்னி கதையை வாசிச்ச அன்னைக்கே இத்தாலியச் சிற்பி பெர்னினியோட 'அப்பல்லோவும் டாஃப்னியும்' சிற்பத்தைப் பாத்துடுங்க. ரோம்ல போர்கேஸே கேலரில இருக்கு, கத்தோலிக்கத் திருச்சபையோட பெரிய மதகுரு கார்டினல் ஷிப்பியோனே போர்கேஸே கேட்டு 1622-ல இருந்து 1625-க்குள்ள செஞ்சது. ஆரம்பிக்கும்போது பெர்னினிக்கு இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு தான். நேர்ல போக முடியாதவங்க (நம்மள்ல முக்காவாசி பேர்) சுத்தி எடுத்த வீடியோ தேடுங்க, ஒரே ஒரு போட்டோவுல இந்தச் சிற்பம் புரியாது.

சிற்பிக்கு இருக்கற கஷ்டத்தை யோசிச்சுப் பாருங்க. கவிஞர் முதல்ல நெஞ்சு, அப்புறம் முடி, அப்புறம் கை, கால்னு வரி வரியா மாத்திக்கிட்டே போகலாம், நேரம் அவர் கைல இருக்கு. கல்லுல ஒரே ஒரு நொடி தான். பெர்னினி எடுத்த நொடி, அப்பல்லோ கை அவ இடுப்புல பட்ட அந்த நேரம். ஆனா அவன் விரலுக்கு அடில தோல் கிடையாது, மரப்பட்டை. பின்னாடி இருந்து பாத்தா ஓடற ஆம்பளை மட்டும் தான், நடந்து பக்கத்துல வந்தா அவ உடம்பு தெரியும், இன்னும் சுத்தி வந்தா விரல் நுனில இலை, கால் விரல்ல இருந்து வேர், வாய் திறந்தபடி இருக்கு. முதல்ல வச்சிருந்த இடத்துல உள்ள வர்றவங்களுக்கு அப்பல்லோவோட முதுகு தான் கண்ணுல படும்னு சொல்வாங்க, ஆக நீங்க நடக்க நடக்க தான் அவ மரமாவா. வெளிச்சம் ஊடுருவற அளவுக்கு மெல்லிசா செதுக்கின அந்த இலைகள்ல உதவியாளர் ஜூலியானோ ஃபினெல்லியோட கையும் இருக்கு, அவர் பேரையும் நினைவு வச்சுக்கோங்க.

பீடத்துல லத்தீன்ல ரெண்டு வரி இருக்கு, பின்னாடி போப் எட்டாம் அர்பன் ஆன மஃபேயோ பார்பரீனி எழுதினது. ஓடற அழகைத் துரத்தறவன் கைல கடைசில இலையும் கசப்புப் பழமும் தான் மிஞ்சும்ங்கற மாதிரி ஒரு நீதி. கார்டினல் வீட்டுல இப்படி ஒரு சிலை நிக்கறதுக்கு அந்த நீதி தேவைப்பட்டிருக்கு. எனக்கு அந்த வரிகள் பிடிக்காது, ஏன்னா அது துரத்தினவனோட நஷ்டத்தைப் பத்தி மட்டும் பேசுது. ஓவிட் கிட்ட திரும்பிப் போங்க: பட்டைக்கு அடில அவ நெஞ்சு துடிக்கிறதை அப்பல்லோ கைல உணர்றான், முத்தம் குடுக்கப் போனா மரமே விலகுது, நீ என் மரம்னு அவன் சொன்னப்போ அது தலையை ஆட்டின மாதிரி தெரிஞ்சுதுங்கறார். மாதிரி தெரிஞ்சுது, அவ்வளவு தான். சம்மதிச்சாளான்னு அவர் சொல்லவே இல்ல.

ஒப்பிட்டுப் பாக்க லண்டன் நேஷனல் கேலரில இதே கதைக்கு இத்தாலிய ஓவியர் பொல்லாயுவோலோ 15-ம் நூற்றாண்டுல போட்ட குட்டிப் படம் இருக்கு, ஒரு நோட்டுப் புக் அளவு தான். அதுல அவளோட ரெண்டு கையும் ரெண்டு பெரிய மரமாவே விரிஞ்சு நிக்குது, உடம்பும் முகமும் அப்படியே இருக்கு. பெர்னினியைப் பாத்துட்டு இதைப் பாத்தா வேடிக்கையாத் தெரியலாம், அஞ்சு நிமிஷம் விடாம பாருங்க, அந்த முகத்துல இருக்கற அமைதி ஒரு மாதிரி பயமுறுத்தும்.

படி 4: ஓவியத்துல எந்த நொடின்னு தேடுங்க

இத்தாலிய ஓவியர் டிஷியன் ஆக்டியானை ரெண்டு தடவை வரைஞ்சார். முதல் படம் 1556-59, ஸ்பெயின் ராஜா இரண்டாம் ஃபிலிப்புக்காக. அதுல ஆக்டியான் இன்னும் முழு மனுஷன், திரையை விலக்கிட்டு நிக்கறான், தண்ணி அவன் மேல விழல, எதுவுமே மாறல. ஆனா தூண் மேல ஒரு மான் மண்டை ஓடு வச்சிருக்கு பாருங்க, அவனோட முடிவு அங்கயே உக்காந்திருக்கு, அவனுக்கு மட்டும் தெரியல. ரெண்டாவது படம் 'ஆக்டியானின் மரணம்', வருஷக்கணக்கா டிஷியன் கைலயே இருந்தது, 1576-ல அவர் சாகும்போது முழுசா முடிஞ்சிருந்ததாங்கறதே சந்தேகம். அதுல மனுஷ உடம்பு மேல மான் தலை, நாய்ங்க பாஞ்சாச்சு, பெயிண்ட் எல்லாம் கலங்கி, காடும் ஆளும் எங்க பிரியுதுனே தெரியாம இருக்கு. வரைஞ்ச விதமே உருமாறிப் போயிருக்கு. ரெண்டையும் ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, மியூசியம் வெப்சைட்லயே பெருசு பண்ணிப் பாக்கற மாதிரி வச்சிருக்காங்க.

அராக்னிக்கு மட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கற ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸோட 'நூற்பவர்கள்' படத்தைப் பாருங்க. முன்னாடி பொண்ணுங்க நூல் நூத்துக்கிட்டு இருக்காங்க, சக்கரம் சுத்தற வேகத்துல ஆரக்காலே தெரியல. ரொம்ப காலம் இதை ஏதோ நெசவுக்கூடக் காட்சின்னு தான் நினைச்சாங்க, 20-ம் நூற்றாண்டு நடுவுல தான் இது அராக்னி கதைங்கறது உறுதியாச்சு. பின்னாடி மேடை மாதிரி இருக்கற இடத்துல தலைக்கவசம் போட்ட மினர்வா கையை ஓங்கி நிக்கறா, அராக்னி நெய்த துணில இருக்கறது, ஜூபிடர் காளையா வந்து தூக்கிட்டுப் போன பொண்ணைக் காட்டற டிஷியனோட 'யூரோப்பா' படம். ஆக இது டிஷியனுக்கு வெலாஸ்கஸ் பண்ணின மரியாதையும் கூட.

படி 5: இப்ப காஃப்கா

பிராக் நகரத்து எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா ஜெர்மன்ல எழுதின 'உருமாற்றம்' (The Metamorphosis) தான் அந்த சேல்ஸ்மேன் கதை. ஓவிட்டுக்கு முன்னாடி காஃப்காவை வாசிச்சா அது ஒரு வினோதமான பூச்சிக் கதையா தெரியும், பின்னாடி வாசிச்சா அதிர்ச்சியே வேற இடத்துல வரும். அதனால தான் இந்த வரிசை. 1912 கடைசில எழுதினது, 1915-ல வெளியாச்சு. சின்னப் புக், மூணு பகுதி, ஒரே நாள்ல முடிச்சிடலாம்.

ஓவிட்ல யாராவது ஒரு தேவர் கோவத்துல மாத்துவாங்க. இங்க சேல்ஸ்மேன் கிரெகோர் சாம்சாவைப் பூச்சியா மாத்தினது யாருன்னே இல்ல, காரணமும் இல்ல, மாறின நொடியும் கிடையாது, முதல் வரிலயே எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கு. அவன் முதல்ல கவலைப்படறது உடம்பைப் பத்தி கூட கிடையாது, அஞ்சு மணி ரயிலை விட்டாச்சே, ஆபீஸ்ல என்ன சொல்றதுன்னு. இரண்டாவது படில கேட்ட கேள்விகளை இங்கயும் போடுங்க. பேச்சு? கதவுக்கு உள்ள இருந்து விளக்கம் சொல்றான், வெளில நிக்கற மேனேஜருக்கு அது மிருகத்தோட குரலாத் தான் கேக்குது. மனசு? தங்கச்சி வயலின் வாசிக்கும்போது அவன் ரூமை விட்டு ஊர்ந்து வர்றான். வாங்கிக் குடுத்த சம்பளத்துல குடும்பமே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தது, இப்ப அப்பா ஆப்பிளை எடுத்து அடிக்கறார், அது முதுகுல பதிஞ்சு அப்படியே அழுகுது. அப்புறம் ஒண்ணைக் கவனிங்க: கிரெகோர் உள்ள பெருசா மாறவே இல்ல, மாறறது அப்பா, அம்மா, தங்கச்சி கிரேட்டே. வேலைக்குப் போறாங்க, நிமிர்றாங்க, கடைசிப் பக்கத்துல டிராம்ல ஊருக்கு வெளிய போகும்போது வளந்து நிக்கற பொண்ணா கிரேட்டே எழுந்து உடம்பை நெளிக்கறா. புழு பட்டாம்பூச்சியாகறது அந்த வீட்டுல அவளுக்குத் தான் நடந்திருக்கு.

அட்டைல பூச்சி போட்ட பதிப்பு வாங்காதீங்கனு சொல்வேன். 1915 அக்டோபர்ல காஃப்காவே பதிப்பகத்துக்கு லெட்டர் போட்டார், அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்துல இருந்து கூட காட்டக்கூடாதுன்னு. அதனால முதல் பதிப்பு அட்டைல, பாதி திறந்த கதவுக்கு முன்னாடி ஒரு ஆள் முகத்தைக் கைல மூடிக்கிட்டு நிக்கறார். உருவத்தைக் காட்டறது தான் பெர்னினியோட சாதனை, காட்டாம விட்டது தான் காஃப்காவோடது.

படி 6: நம்ம பக்கம் திரும்புங்க

இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு அகலிகை கதை புதுசாத் தெரியும். வால்மீகில அவ கல்லாகறதே இல்ல, யார் கண்ணுக்கும் தெரியாம, காத்தைத் தின்னு, சாம்பல்ல கிடக்கச் சொல்லி சாபம். தமிழ்ல கல் ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. பரிபாடல் 19-ம் பாட்டுல திருப்பரங்குன்றத்துக்குப் போற ஜனங்க அங்க இருக்கற ஓவியங்களைக் காட்டிக் காட்டிப் பேசிக்கிறாங்க: 'இந்திரன் பூசை இவள் அகலிகை இவன் சென்ற கவுதமன் சினன் உறக் கல் உரு ஒன்றிய படி இது'. பூசைன்னா பூனை. பூனையா மாறின இந்திரன், கல்லாகிற பொண்ணு, ரெண்டு உருமாற்றம் ஒரே காட்சில. அந்த ஓவியம் இன்னைக்கு இல்ல, பாத்தவங்க பேசின பேச்சு மட்டும் பாட்டுல நிக்குது. எனக்குத் தமிழ்ல ரொம்பப் பிடிச்ச இடங்கள்ல இது ஒண்ணு.

அடுத்து கம்பன்ல அகலிகைப் படலம், சின்னது தான், 'கை வண்ணம் அங்குக் கண்டேன் கால் வண்ணம் இங்குக் கண்டேன்' வர்ற இடம். உடனே அதே வேகத்துல புதுமைப்பித்தனோட 'சாபவிமோசனம்', 1943. அவர் கேக்கற கேள்வி, கல்லு பொண்ணான அப்புறம் என்ன? ஊர் வாய் இருக்கு, மனசுல பயம் இருக்கு, உடம்பு திரும்பி வந்தாலும் பழைய வாழ்க்கை வரல. சீதை தீயில இறங்கினதைக் கேட்ட அப்புறம் அகலிகை மறுபடி கல்லாயிடறா. மாட்டுச் சத்தம் வந்துடுமோனு பயந்த ஐயோவை இங்க நினைச்சுக்கோங்க.

இதோட காரைக்கால் அம்மையாரையும் சேருங்க, ஏன்னா இதுவரைக்கும் பாத்த யாருமே அவங்க மாதிரி கிடையாது. புருஷனே காலில விழுந்துட்ட அப்புறம், அவனுக்காகச் சுமந்த இந்த அழகான சதை எனக்கு வேணாம், பேய் வடிவம் குடுன்னு சிவன் கிட்ட கேட்டு வாங்கினவங்க, பெரியபுராணத்துல வாசிக்கலாம். எலும்பும் நரம்புமா, தாளத்தைக் கைல வச்சுக்கிட்டுச் சிரிக்கிற சோழர் கால வெண்கலச் சிலை ஒண்ணு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, கங்கைகொண்ட சோழபுரம் கோயில்ல ஆடற நடராஜர் காலடியிலயும் அவங்க உக்காந்திருக்காங்க. டாஃப்னி துரத்தல்ல இருந்து தப்பிக்க அப்பா கிட்ட கெஞ்சி அழகைத் துறந்தா, அம்மையார் யாரும் துரத்தாதப்பவே துறந்தாங்க, அதோட பேச்சும் போகல. அற்புதத் திருவந்தாதியைப் பேயா இருந்து தான் பாடினாங்க, கையெழுத்து மாதிரி 'காரைக்காற்பேய்'னு தன் பேரையும் போட்டுக்கிட்டாங்க.

இன்னும் நேரம் இருந்தா ஓவிட் 15-ம் புத்தகத்துல பித்தாகரஸ் பேசற நீளமான பேச்சுக்கு வாங்க. எல்லாம் மாறுது, எதுவும் அழியல, உயிர் உடம்பு விட்டு உடம்பு போய்க்கிட்டே இருக்கு, அதனால மிருகத்தைக் கொன்னு தின்னாதீங்கறார். வெளிநாட்டுக்காரங்களுக்கு விளக்கம் தேவைப்படற இடம் இது, 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி'ன்னு சிவபுராணம் கேட்டு வளந்தவங்களுக்கு சட்டுனு பிடிபடும். ஒரு வித்தியாசம் மட்டும் பாத்துக்கோங்க: மாணிக்கவாசகர் எல்லாப் பிறப்பும் பிறந்து இளைச்சுட்டேன்னு விடுதலை கேக்கறார், பித்தாகரஸ் அந்த மாற்றத்தை உலகத்தோட இயல்பாவே சொல்லிட்டுப் போறார்.

படி 7: ஒரு பக்கம் நீங்களே எழுதிப் பாருங்க, இல்ல வரையுங்க

வாசிச்சு முடிச்ச கையோட இதைச் செஞ்சா, மேல சொன்ன கலைஞர்களோட கஷ்டம் கைலயே தெரியும். ஒரு ஆளை எடுங்க, என்னவா மாறறாங்கனு முடிவு பண்ணுங்க, முதல்ல எந்த உறுப்பு, கடைசில எந்த உறுப்புனு வரிசை போடுங்க. வாயை எப்ப எடுக்கறீங்கங்கறது தான் ரொம்ப முக்கியம், ஓவிட் பெரும்பாலும் அதைக் கடைசிக்குத் தள்ளி வைப்பார், சொல்ல வந்த வாக்கியம் பாதில நிக்கற மாதிரி. வரையறவங்க மூணு கட்டம் போட்டு முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு ஸ்கெட்ச் பண்ணிட்டு, மூணுல எது ஒண்ணை மட்டும் வச்சா மத்த ரெண்டும் பாக்கறவங்களுக்குத் தானாவே புரியும்னு தேர்ந்தெடுங்க. எழுதினதை யாருக்காவது வாசிச்சுக் காட்டி, உள்ள என்ன மிச்சம் இருக்குனு அவங்களைச் சொல்லச் சொல்லுங்க, அவங்களால சொல்ல முடியலைன்னா அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்க.